பனி விடை பெறும் காலம்

காஷ்மீர தேசத்தில் குளிர் காலத்துக்கென்று ஒரு பஞ்சாங்கக் கணக்கு உண்டு. டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கும் 40 நாட்களுக்கு ‘சில்லை கலான்’ என்று பெயர். அதுதான் பெரிய குளிர். ஏரித் தண்ணீரின் மேற்பரப்புக் கண்ணாடித் தகடு போல் உறைந்து போவதும் அப்போதுதான். அதற்குப் பிறகு வரும் 20 நாட்கள் ‘சில்லை குர்த்’, அதாவது சின்னக் குளிர். கடைசியாக 10 நாட்கள் ‘சில்லை பச்சா’, குழந்தைக் குளிர். ஆக 70 நாட்களும் கழிந்து, மார்ச்சு மாதம் பிறந்ததும் வீட்டுக் கூரைகளிலிருந்து பனி உருகிச் சொட்டத் தொடங்கும். “அப்பாடா, பிழைத்தோம்!” என்று ஜனங்கள் வெளியே வந்து வெயில் காய்வார்கள்.

நமது சிதம்பரம் தாலூகாவில் இந்த மாதிரிப் பனி உருகும் காட்சிக்கு இடமில்லை. உருக வேண்டுமானால் முதலில் உறைய வேண்டும் அல்லவா? நீலகிரி மலையிலாவது சில இரவுகளில் புல்லின்மேல் உப்பைத் தூவினாற்போல் உறைபனி காண்கிறது. கடலூர், சிதம்பரம் பக்கத்திலோ தை மாதத்து விடியற்காலையிலே கூட உஷ்ணமானி சுமார் 20 டிகிரி செல்ஷியஸ் அளவோடு நின்றுவிடுகிறது. வடநாட்டார் கேட்டால் இதைக் குளிர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் நம் முன்னோர்கள் இந்தப் பனியை அவ்வளவு அலட்சியமாக நினைக்கவில்லை. வருஷத்தை ஆறு பருவங்களாகப் பிரித்து, அவற்றில் இரண்டைப் பனிக்கே பட்டயம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. இரவின் முற்பகுதியிலேயே பனி இறங்கிவிடும் காலம் முன்பனி என்றும், பின்னிரவில் மட்டும் இறங்கும் காலம் பின்பனி என்றும் விளக்கம் சொல்வதுண்டு. கொன்றை வேந்தன் பாடிய ஔவையாரோ தையும் மாசியும் வைக்கோல் வேய்ந்த வீட்டில் படுத்து உறங்கும்படி புத்தி சொல்லியிருக்கிறார். “தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்” என்பது ஜனங்களின் வாக்கு. மச்சு வீட்டையே துளைக்கும் பனிக்கு ஓலைக் குடிசை எம்மாத்திரம் என்று கேட்கத் தோன்றும். வைக்கோல் கூரையின் கீழ் ஓர் இரவு படுத்துப் பார்த்தவர்களுக்கு ஔவையார் சொன்னதன் சூட்சுமம் தெரியும். கல்லும் சுண்ணாம்பும் சிமிட்டியும் உஷ்ணத்தை எளிதில் வெளியே கடத்திவிடும். வைக்கோலோ வீட்டுக்குள் இருக்கும் கதகதப்பை வெளியே விடாமல் காக்கும்.

அந்தப் பனி விடை பெற்றுக்கொண்டு போகும் காலம்தான் மாசி மாதம். உறைவதும் உருகுவதும் இல்லாவிட்டாலும், கடலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பனி விலகுவதைப் பார்ப்பது காஷ்மீரத்துக் காட்சிக்குக் குறைந்ததல்ல. அந்தப் பனியை நம்பி ஒரு வெள்ளாமையே நடக்கிறது என்பதையும், அந்த வெள்ளாமைக்கு இப்போது வந்திருக்கும் சங்கடத்தையும் தெரிந்துகொண்டால், பனி என்பது போர்வைக்குள் சுருண்டு படுப்பதற்கு ஒரு சாக்கு மட்டுமல்ல என்பது விளங்கும்.

புலிக்கால் முனிவர் கேட்ட வரம்

பனிக்கும் இந்தப் பிரதேசத்துக்கும் உள்ள உறவு புராண காலத்திலேயே ஆரம்பமாகிவிட்டது.

தில்லை வனத்தில் ஒரு முனிவர் தினந்தோறும் புது மலர் பறித்துச் சிவபெருமானைப் பூஜித்து வந்தாராம். பொழுது விடிந்த பிறகு பறித்தால் வண்டுகள் மலரில் வாய் வைத்துவிடுகின்றன. விடிவதற்கு முன்னால் பறிக்கலாம் என்றாலோ, இருட்டில் கண் தெரியவில்லை. பனியில் நனைந்த மரம் வழுக்குகிறது. ஆகவே, இறைவன் தோன்றி, “என்ன வரம் வேண்டும்?” என்று கேட்டபோது, “வழுக்காமல் மரம் ஏறப் புலியின் கால்களும், இருட்டில் பூவைத் தெரிந்தெடுக்கக் கண்களும் வேண்டும்” என்று முனிவர் கேட்டுக்கொண்டார். அன்று முதல் அவர் வியாக்கிரபாதர் ஆனார். தமிழில் புலிக்கால் முனிவர். அவரால்தான் சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்ற பெயர் ஏற்பட்டது. கடலூரில் பாடலீசுவரர் கோயில் கொண்டிருக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் பெயரில் புலி வந்தது அவராலேயே என்று தல புராணம் சொல்கிறது.

ராஜ்யம் கேட்காமல், மோட்சமும் கேட்காமல், பனியில் வழுக்காத கால் கேட்ட அந்த முனிவரை நினைத்தால் நமக்கு ஒரு சந்தோஷம் உண்டாகிறது. மார்கழி, தை மாதங்களில் இந்தப் பக்கத்துப் பனியை அனுபவித்தவராகத்தான் அவர் இருக்க வேண்டும்!

தில்லை என்ற மரத்தை இன்று சிதம்பரம் பட்டணத்தில் தேடினால் எளிதில் அகப்படாது. கிழக்கே பிச்சாவரத்துக்குப் போக வேண்டும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கும் அலையாத்திக் காட்டில் தில்லை மரம் இன்னும் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று உள்ளூரார் எச்சரிப்பார்கள். மாசி மாதத்து விடியற்காலையில் அந்தக் காட்டின் நீர்ச் சந்துகளில் படகில் போனால், மூடுபனி திரைபோல் தொங்கிக்கொண்டிருக்கும். சூரியன் ஒரு பனை உயரம் வந்ததும் திரை மெல்ல மெல்ல விலகும். அப்போதுதான் வேர்களை ஊன்றி நீரில் நிற்கும் மரங்களும், குளிர்காலத்துக்கு வந்து இன்னும் ஊர் திரும்பாத பறவைகளும் கண்ணுக்குப் புலப்படும்.

பனி வரும் வழி

இந்தப் பனி எங்கிருந்து வருகிறது? ‘பனி பெய்கிறது’ என்று நாம் பேச்சு வழக்கில் சொன்னாலும், அது மழையைப் போல வானத்திலிருந்து விழுவதில்லை.

கடலூர்க் கரைக்கு முக்கிய மழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக் காற்றினால் கிடைக்கிறது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று இத்தனை ஆறுகளும் கடலில் கலக்கும் பிரதேசம் இது. ஆகையால் மழை கொஞ்சம் தாராளமாகப் பெய்தாலும் எங்கே பார்த்தாலும் தண்ணீர்தான். புயலும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறி, பண்ணுருட்டிப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்தது. 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி ‘பெஞ்சல்’ புயல் புதுச்சேரி அருகில் கரையேறியது. அதன் பின்னாலேயே தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரைச் சூழ்ந்துகொண்டது.

மழை ஓய்ந்து, மார்கழி பிறந்ததும் வானம் துடைத்துவிட்டாற்போல் நிர்மலமாகிறது. பூமியோ ஈரமாகவே இருக்கிறது. வயல்களில் நீர் நிற்கிறது. பகலில் வாங்கிய உஷ்ணத்தைப் பூமி இரவில் வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வைபோல் அந்த உஷ்ணத்தைத் தடுத்து வைக்கும். மேகம் இல்லாத இரவில் தடுப்பார் இல்லை. தரையும் புல்லும் இலையும் சீக்கிரம் குளிர்ந்துபோகின்றன. காற்றிலுள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த இலையின்மேல் பட்டதும் நீர்த்துளியாகிறது. சில்லென்ற தண்ணீர் நிறைந்த செம்பின் வெளிப்புறம் வேர்ப்பது போலத்தான் இதுவும்.

மாசி முற்றியதும் இந்தக் கணக்கு மாறுகிறது. சூரியன் வடக்கே நகர்ந்து பகல் நீளுகிறது. வயல் காய்கிறது. வாடைக் காற்று தளர்ந்து, தெற்கேயிருந்து காற்று வரத் தலைப்படுகிறது. தரையில் ஈரமும் குறைந்து, இரவில் குளிர்ச்சியும் குறைந்த பிறகு பனிக்கு இங்கே என்ன வேலை? “சிவராத்திரியோடு குளிர் ‘சிவ சிவா’ என்று போய்விடும்” என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அவர்கள் உஷ்ணமானி வைத்துப் பார்த்ததில்லை. ஆனாலும் வருஷா வருஷம் பார்த்துத் தேறிய கணக்கு அது.

வீடு விழித்துக்கொள்கிறது

காட்டுமன்னார்கோயிலுக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் உள்ள கிராமம் ஒன்றில், திண்ணையும் முற்றமும் தாழ்வாரமும் உள்ள ஓட்டு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதங்களில் அந்த வீடு காலையில் தாமதமாகத்தான் விழிக்கும். கோலம் போடும் பெண்களும் பால் கறப்பவர்களும் தவிர மற்றவர்கள் போர்வையை விட்டு வெளியே வர மாட்டார்கள். ஓட்டின் விளிம்பிலிருந்து பனிநீர் ஒவ்வொரு சொட்டாக முற்றத்தில் விழுந்துகொண்டிருக்கும். கொல்லையில் உலர்த்திய துணி மாலையானாலும் உலராது. பத்தாயத்திலுள்ள நெல்லைத் தொட்டால் சில்லிடும். உப்பு ஜாடியில் உப்பு கசியும்.

“ஏன் ஆயா, இந்தப் பனி எப்போதான் போகும்?” என்று, பள்ளிக்கூடம் போகப் புறப்பட்ட பேரன் கேட்பான்.

“மாமரத்தைப் போய்ப் பாருடா. பூவெல்லாம் பிஞ்சாச்சுன்னா பனி போயிடும்” என்பாள் ஆயா.

ஆயாவின் பஞ்சாங்கம் கொல்லையில் இருக்கிறது. மாம்பூ பிஞ்சாகும். முருங்கை பூத்துக் குலுங்கும். கல்யாண முருங்கை இலையை உதிர்த்துவிட்டுச் சிவப்புப் பூவைச் சூடிக்கொள்ளும். அரச மரம் பழைய இலையைத் தள்ளிவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர்விடும். எங்கிருந்தோ குயில் ஒன்று குரலைச் சரிபார்க்கும். பிறகு ஒரு நாள் காலையில் திண்ணையைத் தொட்டால் ஈரம் இராது. அவ்வளவுதான், வீட்டில் வேலை ஆரம்பமாகிவிடும்.

பெட்டியிலிருந்த துணிமணிகளும் பாயும் தலையணையும் வெயிலுக்கு வரும். புது நெல் காய வைக்கப்படும். புளியை உலுக்கிக் கொண்டுவந்து, ஓடு நீக்கி, கொட்டை எடுத்துப் பானையில் அடைப்பார்கள். ஒரு வருஷத்து மிளகாயும் மல்லியும் பாயில் பரப்பப்படும். வடகத்துக்கு மாவு அரைபடும். மாவடு வந்ததும் ஊறுகாய் ஜாடிகளைக் கழுவிக் கவிழ்ப்பார்கள். காக்கையை விரட்டுவதற்குப் பாட்டனாரைத் திண்ணையில் கோலுடன் உட்கார வைப்பதும் உண்டு. அவர் அங்கேயே தூங்கிவிடுவதும் உண்டு!

இந்த வீடுகள் பலவற்றில் இன்று வருஷம் முழுவதும் குடியிருப்பவர்கள் இரண்டு கிழவர்கள்தான். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த தேசங்களிலும் இருக்கிறார்கள். வெயில் கண்ட மாசி மாதத்தில் அந்த வீடுகளில் ஜன்னலைத் திறந்து விடவும், மழையில் நழுவிய ஓட்டை மாற்றவும், கறையான் ஏறிய கைமரத்தைத் தட்டிப் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். ஒரு மழைக் காலத்து ஈரத்தை ஒரு வேனிலுக்குள் உலர்த்தாமல் விட்டால், அடுத்த மழையில் சுவர் தாங்காது. பனி விலகும் இந்த ஒன்றரை மாதம்தான் பழைய வீடுகளுக்கு ஆயுள் கூட்டும் காலம்.

பனியில் விளையும் பயறு

வீட்டைவிட்டு வயலுக்கு வருவோம். இந்த விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் தாலூகாக்கள் காவேரிப் பாசனத்தின் கடைக்கோடி. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட வீராணம் ஏரி இவற்றுக்கு ஜீவாதாரம். பொன்னியின் செல்வன் படித்தவர்கள் வீரநாராயண ஏரியை மறந்திருக்க மாட்டார்கள். கொள்ளிடத்தில் 1836-இல் ஆர்தர் காட்டன் துரை காலத்தில் கட்டப்பட்ட கீழணையிலிருந்து வடவாறு வழியாக ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. சுமார் 45,000 ஏக்கர் நிலம் அதை நம்பியிருக்கிறது. 2004 முதல் சென்னைப் பட்டணத்தின் தாகத்தையும் அதே ஏரிதான் குழாய் வழியாகத் தணித்து வருகிறது.

சம்பா நெல் தை மாதத்தில் கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கும். அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்னால் குடியானவர் வயலில் இறங்கிக் காலால் சேற்றை மிதித்துப் பார்ப்பார். தண்ணீர் நிற்கக் கூடாது. மண் காயவும் கூடாது. மெழுகைப் போல் இளகி இருக்க வேண்டும். அதற்கு ‘மெழுகு பதம்’ என்று பெயர். அந்தப் பதம் கண்டதும், நிற்கும் நெல்லுக்கு ஊடே உளுந்தையோ பச்சைப் பயறையோ கை வீசித் தெளிப்பார்கள். ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ விதை போதும். உழவு இல்லை, வரப்பு வெட்டுவது இல்லை, அதற்கப்புறம் தண்ணீர் பாய்ச்சுவதும் இல்லை.

நெல்லின் நிழலில் விதை முளைக்கும். இரண்டு இலை விடும் சமயத்தில் அரிவாள்கள் வந்து நெல்லை அறுத்துக்கொண்டு போகும். தாளின் நடுவே சின்னஞ்சிறு பயிர் மட்டும் வெளிச்சத்தில் கண் விழிக்கும். நெல்லுக்குக் கட்டிய தண்ணீரில் களிமண் பிடித்து வைத்திருக்கும் ஈரமும், இரவில் இறங்கும் பனியும்தான் அதன் முதலீடு. பனி நனைத்த இலை காலையில் வெகுநேரம் வரை வாடாமல் இருக்கும். மண்ணின் ஈரமும் சீக்கிரத்தில் ஆவியாகாது. பனி குறையக் குறைய வேர் கீழே இறங்கும். மாசியில் பூத்து, பங்குனியில் காய்த்து, 65 முதல் 75 நாட்களில் பயறு வீட்டுக்கு வந்துவிடும். போகும்போது மண்ணுக்கு ஒரு காணிக்கையும் வைத்துவிட்டுப் போகும். வேரில் உள்ள முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கின்றன. அடுத்த நெல்லுக்கு அது எரு. உளுந்து பிரித்த பொட்டு மாட்டுக்குத் தீனி.

தண்ணீர் கேட்காமல், உழவு கேட்காமல், உரமும் அதிகம் கேட்காமல், நிலத்துக்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒருங்கே உதவுகிற இந்த வெள்ளாமையைக் கண்டுபிடித்தவர் யார் என்று எந்தச் சாசனத்திலும் காண முடியாது. ஆனால் காலையில் நம் இலையில் விழும் இட்டிலிக்கு அவரிடம் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பனி அளவுக்கு மிஞ்சினாலும் கெடுதல்தான். இலையின்மேல் வெள்ளை வெள்ளையாகச் சாம்பல் நோய் படரும். வெயில் ஏறியதும் வெள்ளை ஈ வந்து மஞ்சள் தேமலைப் பரப்பும். இன்னொரு சங்கடமும் உண்டு. அறுவடை முடிந்ததும் மாடுகளை வயலில் அவிழ்த்துவிடுவது வழக்கம். ஊரில் ஒருவர் மட்டும் உளுந்து தெளித்தால் ஊர் மாடெல்லாம் அவர் வயலில்தான் மேயும். எல்லோரும் சேர்ந்து தெளித்து, எல்லோரும் சேர்ந்து காவல் வைத்தால்தான் பயறு தப்பும். ஊர் ஒற்றுமையை இவ்வளவு கண்டிப்பாகக் கேட்கும் பயிர் வேறு உண்டா என்பது சந்தேகமே.

அரிவாளும் இயந்திரமும்

இவ்வளவு நல்ல வெள்ளாமைக்கு இப்போது என்ன வந்தது?

முதலாவது, அறுவடை இயந்திரம். அரிவாள் பிடிக்க ஆள் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் அரிதாகிவிட்டது. கிடைக்கிற ஆளுக்கு நியாயமான கூலி கொடுத்தால் நெல் விலை கட்டவில்லை என்று குடியானவர் சொல்கிறார். வெயிலில் குனிந்து அறுத்தவர்களின் பிள்ளைகள் நகரத்துக்கு வேலைக்குப் போனார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்வாரும் இல்லை. ஆகையால் இயந்திரம் வந்தது. நாள் கணக்கில் நடந்த வேலையை மணிக் கணக்கில் முடித்தது. ஆனால் அதற்கு ஈர வயல் உதவாது. பயறுக்கோ ஈரம்தான் பிராணன். நெல்லுக்கு ஊடே முளைத்து நிற்கும் பயிரின்மேல் இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரம் ஏறினால், அந்தத் தடம் முழுவதும் நசுங்கிப் போகும். இயந்திரத்துக்காக வயலைக் காய விட்டால் விதை முளைக்காது. அரிவாளும் உளுந்தும் பழைய சிநேகிதர்கள். இயந்திரமும் உளுந்தும் இன்னும் பழகிக்கொள்ளவில்லை.

இரண்டாவது, காலம் தவறுவது. மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறக்க வேண்டும் என்பது வழக்கம். தண்ணீர் இல்லாத வருஷங்களில் அது தள்ளிப் போகும். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர இன்னும் தாமதமாகும். விதைப்பு பிந்தினால் அறுவடையும் பிந்தும். நடுவில் வெள்ளம் வந்து நட்ட பயிரை அழுக வைத்தால் மறு நடவு நட வேண்டும். இப்படியாகச் சம்பா அறுவடை மாசிக் கடைசிக்குப் போய்விட்டால், உளுந்து முளைக்கும்போது பனி விடை பெற்றுப் போயிருக்கும். பங்குனி வெயிலில் களிமண் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பில் பயிரின் வேர் அறுந்துபோகும்.

மூன்றாவது, பெய்யக் கூடாத நாளில் பெய்யும் மழை. 2021 ஜனவரியிலும், 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் அறுவடைச் சமயத்தில் டெல்டாப் பிரதேசத்தில் பெருமழை பெய்தது. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து வயலிலேயே முளைத்தது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரம் 17 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பனியிலும் மழையிலும் நனைந்த நெல்லைச் சாலையில் கொட்டி, வெயிலை எதிர்பார்த்துக் கொண்டு குடும்பத்தோடு காத்திருந்தவர்கள் அநேகர். அந்த நாட்களில் பயிர் நடுவே தெளித்திருந்த உளுந்து என்ன ஆயிற்று என்று கேட்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இவற்றுக்குப் பரிகாரமே இல்லை என்று கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இயந்திர அறுவடைக்கு ஏற்றபடி தெளிக்கும் நாளை மாற்றலாம். அறுவடை முடிந்த கையோடு, ஈரம் போவதற்குள் விதைக்கும் கருவியால் வரிசையாக விதைக்கலாம். பூக்கும்போது ஒரு முறையும் பதினைந்து நாள் கழித்து ஒரு முறையும் 2 சதவிகித டி.ஏ.பி. கரைசலை இலைமேல் தெளித்தால் காய் நன்றாகப் பிடிக்கும் என்பது விவசாய நிபுணர்கள் வெகு நாளாகச் சொல்லிவரும் யோசனை. இவற்றோடு, பயறுக்குக் கட்டுப்படியாகும் விலையும் வேண்டும். நம் தேசத்துக்குத் தேவையான பருப்பில் ஒரு பகுதி பர்மா முதலான அயல் நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. உளுந்தும் அதில் சேர்த்திதான். நம் வீட்டு வாசலில், செலவில்லாமல் பனியில் விளையக்கூடியதைக் கைவிட்டுக் கடல் கடந்து வாங்குவது விந்தையாக இல்லையா?

கடல் வரைக்கும் ஒரு யாத்திரை

பனி விலகியதற்குக் கிராமம் மட்டுமல்ல, தெய்வங்களும் சாட்சி. மாசி மாதத்து மக நட்சத்திரத்தன்று கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடற்கரைக்குச் சுற்றுப்புற ஊர்களிலிருந்து உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார்கள். விருத்தாசலத்தில் பிரம்மோற்சவமே மாசி மகத்தை ஒட்டித்தான். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளைக் கடற்கரைக்கு யாத்திரை வருகிறார். வழியில் கிள்ளை தர்க்காவின் அருகில் முஸ்லிம் அன்பர்கள் பெருமாளுக்கு மரியாதை செய்து வரவேற்பது நெடுங்கால வழக்கம். மத ஒற்றுமையைப் பற்றி மேடையில் மணிக் கணக்கில் பேசுபவர்கள் ஒரு தரம் கிள்ளைக்குப் போய்வரலாம்.

சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நடைபெறும் நாட்டியாஞ்சலி 1981-இல் தொடங்கியது. அந்த இரவுகளில் பனி சற்றே மிச்சமிருக்கும். அதனால்தானோ என்னவோ, விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குத் தூக்கம் வருவதில்லை!

கடலிலும் மாறுதல் தெரியும். வாடைக் காலத்துக் கொந்தளிப்பு அடங்கும். தெற்கு நோக்கி ஓடிய நீரோட்டம் வடக்கே திரும்பும். ஜனவரி முதல் மார்ச்சு வரை கடலாமைகள் இரவில் கரையேறி மணலில் முட்டையிட்டுச் செல்கின்றன. பனியின் குளிர்ச்சியில் இட்ட முட்டை வெயிலின் சூட்டில் ஒன்றரை மாதத்தில் பொரிகிறது.

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் காரடையான் நோன்பு வருகிறது. புது அரிசி மாவில் காராமணி கலந்து அடை தட்டி, வெண்ணெயுடன் நிவேதனம் செய்து, மஞ்சள் சரடு கட்டிக்கொள்வார்கள். “மாசிக் கயிறு பாசி படியும்” என்று வீட்டுப் பெரியவர்கள் வாழ்த்துவார்கள். நாம் நோன்பாகக் கொண்டாடுகிற அந்த அடையை உற்றுப் பாருங்கள். அதில் இருப்பது சம்பாவின் புது அரிசி. அதோடு கலந்திருப்பது ஒரு பயறு. நெல்லும் பயறும் ஒரே வயலில், ஒரே ஈரத்தில், ஒன்றன் மடியில் ஒன்றாக விளைந்த தேசத்தின் பண்டிகை அது.

பங்குனி நடுவில் உளுந்துச் செடிகள் கறுத்துக் காய்ந்து நிற்கும். பெண்கள் விடியற்காலையில், காய் வெடித்துச் சிதறுவதற்கு முன்பாகவே வயலில் இறங்கிச் செடியைப் பிடுங்கிக் குவிப்பார்கள். அந்த நேரத்தில்தான் காயில் கொஞ்சம் பனியின் ஈரம் இருக்கும். பருவம் முடியப்போகும் நாளிலும், போகிற பனி ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் போகிறது.